செப்பு அண்டாவில் கடல் தண்ணீர்

எனக்கு முன்கோபம். சின்ன வயதிலிருந்தே கோபம் மூக்கு நுனியில்தான் உட்கார்ந்திருக்கும். கண்டபடி பேசிவிட்டு, அரை மணி நேரம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்பது என் வழக்கம். மனைவியிடம் கேட்டிருக்கிறேன், உடன் வேலை செய்தவர்களிடம் கேட்டிருக்கிறேன், ஒருமுறை பஸ் கண்டக்டரிடம்கூடக் கேட்டிருக்கிறேன். என் அக்காவிடம் மட்டும் ஐந்து வருடம் கேட்கவில்லை. கடைசியில் கேட்ட அன்று, கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று ஆகிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில் சுங்கை பட்டாணி டவுனில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளனாக இருந்தேன். சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவது, திராவகப் போத்தல்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது, மாணவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வெள்ளைக் கோட்டு போட்டவன் நான் ஒருவன்தான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். அவர்களைவிட நான் அதிகமாக நம்பினேன்.

எங்கள் மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தஞ்சோங் டாவாய்க் கடற்கரைக்கு மீன் வாங்கப் போவேன். அங்கே எனக்குப் பழக்கமான மலாய்க்கார மீனவர் ஒருவர் இருந்தார். மாமா என்கிற முறையில் பாக் சிக் என்று கூப்பிடுவேன். ஒரு நாள் அவர் வலையில் ஒரு கல் சிக்கி வந்திருந்தது. கல்லின் மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் இருந்த வாளிக்குள் அதைப் போட்டு வைத்திருந்தார். நான் மீனுக்குப் பேரம் பேசி முடிப்பதற்குள் அது மெல்ல விரிந்துவிட்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு காளான். அதன் தலை முழுக்க, குளிக்கிற துண்டில் நூல் நூலாகத் தெரியுமே அதுபோலக் குட்டிக் குட்டி விரல்கள். அதுவரை பவளம் என்றால் எனக்கு மோதிரத்தில் வைக்கிற சிவப்புக் கல்தான். இது தொட்டால் மெத்தென்று இருந்தது. தொட்ட இடத்தில் விரல்கள் எல்லாம் உள்ளே ஓடி ஒளிந்துகொண்டன. மென்பவளம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"மாவ் கா? அம்பில் லா," என்றார் பாக் சிக். வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்கிறார். வாளியோடு எடுத்துக்கொண்டேன். வீடு வரும்வரை சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு மூன்றடிக் கண்ணாடித் தொட்டி இருந்தது. ஆற்று மீன்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு அதைக் கடல் தொட்டியாக மாற்றினேன். கடல் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றிவிட்டால் முடிந்தது வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை செய்து பார்க்கட்டும். தொட்டியில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றாவிட்டால் மிச்சமிருக்கிற தண்ணீர் நாளுக்கு நாள் கரிக்கும். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் அதிலிருக்கிற குளோரின் கொன்றுவிடும், இரண்டு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும். மீனுக்கு இரை கொஞ்சம் கூடினால் மிச்சம் அழுகி அமோனியா ஆகும். மீன் அதைப் பொறுத்தாலும் பவளம் பொறுக்காது. வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் விட வேண்டும். இதெல்லாம் டவுனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே, சொல்லிக்கொடுத்தது. பள்ளியிலிருந்து உப்பு அளக்கும் மிதவையும் புளிப்பு பார்க்கும் காகிதமும் இரவல் வாங்கி வந்து, தினமும் அளந்து ஒரு நோட்டில் எழுதினேன்.

தொட்டியைக் கிழக்குச் சன்னலை ஒட்டி வைத்திருந்தேன். காலை வெயில் பட்டதும் பவளம் தலையை விரிக்கும். சில சமயம் இரண்டு மூன்று நாள் மூடிக்கொண்டு, மெழுகுபோல ஒரு தோலை உரித்துப் போட்டுவிட்டு, முன்னைவிடப் பெரிதாக விரியும். நாலு மாதத்தில் உள்ளங்கை அகலம் சோறு போடும் தட்டு அகலமானது. அடியில் ஒரு குட்டியும் முளைத்தது. இரண்டு ஆரஞ்சு வரி மீன்கள், நாலைந்து கடல் நத்தைகள், ஓட்டுக்குள் குடியிருக்கிற நண்டு ஒன்று என்று ஒரு குடும்பமே சேர்ந்துவிட்டது. அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா என் வீட்டுக்கு வந்தாள்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் என்னைக் குளிப்பாட்டிச் சோறு போட்டு வளர்த்தவள் அவள்தான். அவள் பள்ளியை விட்டு மரம் சீவப் போனதால்தான் நான் பள்ளிக்குப் போனேன். இது எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அத்தான் லாரி விபத்தில் இறந்துபோனார். குழந்தை இல்லை. அவர் பக்கத்து ஆட்கள் காலையில் வேலைக்குப் புறப்படும்போது அவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம் வந்தது. போய் அந்த லயத்து வாசலில் நின்று கத்திவிட்டு அவளைக் கையோடு கூட்டி வந்தேன். "இனிமே இதான் உன் வீடு," என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், கல்யாணச் சீராக அப்பா கொடுத்த செப்பு அண்டா, இவைதான் அவள் கொண்டு வந்தவை.

டவுனுக்கு வெளியே ஒருவருடைய சின்ன ரப்பர் தோட்டத்தில் அவளுக்குப் பால் மரம் வெட்டுகிற வேலை கிடைத்தது. விடியுமுன் போய் மத்தியானம் திரும்புவாள். குளித்துவிட்டுத் தொட்டியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "காளான் இன்னிக்கு நல்லா முழிச்சிருக்கு தம்பி," என்பாள். மென்பவளம் என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு அது காளான்தான். கணவன் போனபிறகு அவள் சிரித்ததை முதலில் பார்த்தது அந்தத் தொட்டியின் முன்னால்தான்.

அண்டா வந்தது எனக்குப் பெரிய வசதியாகப் போயிற்று. தஞ்சோங் டாவாய்த் தண்ணீர் கலங்கலாக இருக்கும். மண் அடியில் படிய இரண்டு நாள் அசையாமல் வைக்க வேண்டும். அதற்கு முன் துணி துவைக்கிற பிளாஸ்டிக் பேசினைத்தான் உரசி உரசிக் கழுவி உபயோகித்தேன், சோப்பு ஒட்டியிருக்குமோ என்று பயந்துகொண்டே. செம்பில் நின்ற தண்ணீர் சுத்தம் என்பது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறியது. சாமிக்கு வைப்பதும் செம்பில், நோயாளிக்குக் கொடுப்பதும் செம்பில். ஆகவே கடல் தண்ணீரை அண்டாவில் ஊற்றி வைத்தேன். தொட்டியில் வற்றியதற்கு ஈடாக ஊற்றுகிற குழாய்த் தண்ணீரையும் அதிலேயே ஆற வைத்தேன். பள்ளியில் வாரா வாரம் மயில்துத்தம் கரைத்து, அந்த நீலத் தண்ணீர்ப் போத்தலில் விஷம் என்று மண்டையோடு ஒட்டுகிறவன் நான். அதுவும் வீட்டு அண்டாவும் ஒரே செம்புதான் என்று என் வெள்ளைக் கோட்டு மூளைக்கு எட்டவில்லை.

அக்கா சொன்னாள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

"தம்பி, இந்த உப்புத் தண்ணி நின்னா ஓரமெல்லாம் பச்சையா களிம்பு ஏறுது பாரு."

"புளி போட்டுத் தேச்சிரு, போயிரும்."

"தேச்சாலும் மறுவாரம் வந்துருதே."

"அதுக்கென்னக்கா? மறுபடி தேய்."

வாரா வாரம் தேய்த்தாள். வேலையிலிருந்து வந்த களைப்போடு குழாயடியில் குந்தி, புளியும் சாம்பலும் போட்டு, புது ரோஜா நிறத்தில் மின்னும்படி தேய்த்துக் கொடுத்தாள். அந்த மினுமினுப்பில் நான் கடல் தண்ணீரை ஊற்றினேன்.

ஒரு மாதத்தில் பவளம் மூடிக்கொண்டது. தோல் உரிக்கப்போகிறது என்று நினைத்தேன். உரிக்கவில்லை. கஞ்சித் தண்ணீர்போல ஒரு வழுவழுப்பு அதன் மேல் படர்ந்தது. தட்டு அகலம் சுருங்கிச் சுருங்கி மறுபடி உள்ளங்கை ஆயிற்று. ஓரங்கள் கறுத்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து பிடி நழுவி மல்லாந்து விழுந்தன. அளந்து பார்த்தேன், உப்பு சரி. காகிதத்தை நனைத்துப் பார்த்தேன், அதுவும் சரி. மீன்கள் இரண்டும் ஒன்றுமே நடக்காததுபோல நீந்தின, இரைக்கு ஓடி வந்தன. மீன் நன்றாக இருக்கிறது, ஆகவே தண்ணீரில் குறையில்லை என்று நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதினேன். இருந்தாலும் மனசு கேட்காமல், வாரத்துக்கு ஒருமுறை மாற்றிய தண்ணீரை இருமுறை மாற்றினேன். இரண்டு முறையும் அண்டாவிலிருந்துதான்.

தண்ணீரில் குறையில்லை என்றால் வேறு எதில்? நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். எல்லாம் சரிய ஆரம்பித்தது அக்கா வந்த பிறகு. நாளோடு பொருந்தியது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பள்ளி சீக்கிரம் விட்டது. வீட்டுக்குள் நுழைகிறேன், அக்கா வேலைக் கைலியோடு தொட்டியின் முன்னால் நிற்கிறாள். மணிக்கட்டுவரை கை தண்ணீருக்குள். செத்துப்போன ஓட்டு நண்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"செத்து நாறுது தம்பி. தண்ணி கெட்டுறக்கூடாதேன்னுதான்..."

அவள் மேல் ரப்பர் பால் உறைய ஊற்றுகிற அசிட்டின் வாடை அடித்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"அசிட்டு கையை உள்ள விடுறியா?"

"சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் விட்டேன்."

"சோப்பும் விஷம்தான்! யாரு உன்னைத் தொடச் சொன்னா? நீ வந்த நாள்லேர்ந்துதான் ஒவ்வொண்ணா செத்துக்கிட்டு இருக்கு. உன் கை பட்டு எதுதான் விளங்குச்சு?"

எந்த வாசலில் நின்று எவர்களிடம் கத்தினேனோ, அவர்கள்கூட இதை அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் சொட்டுகிற கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நண்டைக் காகிதத்தில் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து, எனக்குச் சோறு போட்டாள்.

அரை மணி நேரம் கழித்து மன்னிப்புக் கேட்கிறவன் அன்று கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்தும் நான் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது.

அடுத்த வாரம் அக்கா டிரங்குப் பெட்டியைக் கட்டினாள். "நம்ம பழைய தோட்டத்துல என் கூட்டாளி வீட்ல ஓர் அறை சும்மாத்தான் கெடக்குதாம். வேலையும் அங்கேயே இருக்கு," என்றாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியை இறக்கி வைத்திருப்பாள். நான் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினேன், பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடுவதற்கு. புறப்படும்போது அண்டாவை எடுக்கவில்லை. "உனக்கு வேணும்ல, தண்ணி வெக்கிறதுக்கு. வெளக்கி கவுத்து வெச்சிருக்கேன்," என்றாள்.

அவள் போன மூன்றாவது வாரம் பவளம் கரைந்தது. பெரியது, குட்டி இரண்டுமே கூழாகிக் கல்லை விட்டு நழுவின. வீடே நாறியது. அக்காவின் கை அந்த வீட்டில் இல்லாமல் மூன்று வாரம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. கல்லை மட்டும் வாளியில் போட்டுக்கொண்டு தவுக்கே கடைக்குப் போனேன். கையில் பென்சிலோடு ஒவ்வொன்றாகக் கேட்டார். கடல் தண்ணீர் எங்கே எடுக்கிறாய்? எத்தனை நாள் வைக்கிறாய்? எதில் வைக்கிறாய்?

செப்பு அண்டா என்று மலாயில் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"தெம்பாகா? அய்யோ, தெம்பாகாவிலா?"

அவர் மலாயில் சொன்னதன் சாரம் இதுதான். உப்புத் தண்ணீர் செம்பைத் தின்னும். தின்றது கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரிலேயே இருக்கும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் நாங்களே செம்பு மருந்துதான் விடுவோம், மீன் தாங்கும். ஆனால் மருந்து விடுவதற்கு முன் பவளத்தையும் நத்தையையும் நண்டையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவோம், அவற்றுக்குத் துளிச் செம்பும் எமன். தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்பு என்றால் இன்னும் மோசம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "சிகு, பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறாயே, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். வாத்தியார்களைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல்லைத்தான் எப்போதும் எனக்குச் சொல்வார். அன்று அது சுருக்கென்று குத்தியது.

அன்றைக்கே தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். பீடோங் வழியாக அரை மணி நேரப் பயணம். போகவில்லை. தீபாவளிக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். தீபாவளிக்குப் போனேன், அவள் சுட்ட முறுக்கைத் தின்றேன், சொல்லவில்லை. மறு தீபாவளிக்கும் அப்படியே. "காளான் எப்படி இருக்கு?" என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்காதது எனக்குச் சௌகரியமாக இருந்தது. மூத்தவள், மறந்திருப்பாள், பழசை எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெள்ளைக் கோட்டைக் கழற்ற மனம் வரவில்லை. வெட்கம்தான்.

கல்யாணம் ஆயிற்று. அக்கா போன ஐந்தாவது வருடம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்க்க அக்கா வந்தாள். தூளியை எட்டி எட்டிப் பார்த்தாள், கொஞ்சினாள், திருஷ்டி வந்துவிடும் என்று தன் வாயைத் தானே அடித்துக்கொண்டாள். ஆனால் கையில் எடுக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற வீடு, சுத்தம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேர் வைக்கிற நாள் வந்தது. எங்கள் வழக்கத்தில் அத்தைதான் குழந்தையை வாங்கி, காதில் மூன்று முறை பேரைச் சொல்லித் தூளியில் போட வேண்டும். பூமாலை, பழத்தட்டு எல்லாம் தயார். மனைவி குழந்தையை நீட்டினாள். அக்கா பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

"நான் வேணாம்லா. வேற யாராச்சும் வாங்கட்டும்."

"புள்ளைக்கு அத்தை நீங்க இருக்கும்போது வேற யாரு, அண்ணி?" என்றாள் மனைவி. தாலி இல்லாதவள் என்று அவள் தயங்குவதாக எண்ணி, "அதெல்லாம் நாங்க பாக்கிறதில்ல," என்றும் சொன்னாள்.

"அதில்லம்மா. பச்சப் புள்ள. என் கை வேணாம்."

ஊர் சொல்வதற்காக அவள் ஒதுங்கியிருந்தால் நான் ஊரோடு சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். இது ஊர் சொன்னதில்லை. கையைப் பிடித்து அவளைப் பின்கட்டுக் குழாயடிக்குக் கூட்டிப் போனேன். அண்டா அங்கேதான் இருந்தது. அன்று காலை குழந்தைக்குத் தண்ணீர் சுட வைத்திருந்தோம், பாதி மிச்சமிருந்தது.

"அக்கா, அந்தக் காளான் உன் கையால சாகல. இந்த அண்டாவாலதான் செத்துச்சு. உப்புத் தண்ணியில செம்பு எறங்கியிருக்கு. மீன் தாங்குச்சு, காளான் தாங்கல. நான்தான் அக்கா கொன்னேன். உன்னைச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிரு."

அழுதுகொண்டே சொன்னேன். அக்கா அண்டாவையே பார்த்தாள்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"நீ போன மூணாவது வாரம்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அண்டாவின் விளிம்பில் கை வைக்கப்போய், வைக்காமல் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப என் சீர்தான் அதைக் கொன்னுச்சா? நான்தானே இதைக் கொண்டாந்தேன். வாரா வாரம் பளபளன்னு நான்தானே தேச்சுக் குடுத்தேன்."

"களிம்பு ஏறுதுன்னு நீ சொன்னியேக்கா. நான்தான் கேக்கல."

"சொன்னேன் தம்பி. நல்லா அழுத்திச் சொல்லியிருக்கணும்," என்றாள். பிறகு சட்டென்று என் தோளைப் பிடித்தாள். முகம் வெளுத்துவிட்டது. "காலைல புள்ளைய இந்தத் தண்ணியிலதான் குளிப்பாட்டுனீங்களா?"

சுட வைத்த நல்ல தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். அறிவியல் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு அந்தக் கனத்த அண்டாவைத் தனியாகவே சாய்த்தாள். தண்ணீர் முழுவதும் சாக்கடையில் போய்ச் சேரும்வரை நின்று பார்த்தாள். அதன்பின் குழாயைத் திறந்து, கைகளை முழங்கைவரை மூன்று முறை கழுவினாள்.

உள்ளே நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று கூப்பிட்டார்கள். குழந்தையின் காதில் பேரை என் மனைவியின் அண்ணிதான் சொன்னார். அக்கா சமையலறை வாசலில் நின்று, ஈரக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.